பொருளாதாரம் படித்தால் இந்த வேலையும் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கல்வி இணைப்பிதழில் பொருளாதாரம் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை, தரவுப் பகுப்பாய்வு, கல்லூரி ஆசிரியர் பணி என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, அரசு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற வேலை ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் பொருளாதாரம்தான் படிப்பேன் என்கிறாள். அவளுடைய அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இதுல எது சார் நல்லது?" என்று கேட்டார். அன்று இரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் அறிஞன் இல்லை. 1985ல் சேர்ந்து 2019ல் ஓய்வு பெறும்வரை தேசிய மாதிரி ஆய்வில் களப்பணி செய்தவன். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கம் நான் ஏறி இறங்காத வாசல் குறைவு. வறுமை இத்தனை சதவீதம் என்று நீங்கள் முதல் பக்கத்தில் போடுகிறீர்களே, அந்த எண் எங்கள் ஷெட்யூலில், அதாவது கணக்கெடுப்புக் கேள்வித்தாளில்தான் பிறக்கிறது. 1950ல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கி வைத்த ஆய்வு இது. குலுக்கல் போல ஒரு ஊர் வரும். அந்த ஊரில் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்போம். அதிலிருந்து சில வீடுகள் தேர்வாகும். அந்த வீட்டில் என்ன வாங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதற்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று அரிசியில் தொடங்கி வெற்றிலை பாக்கு வரைக்கும் முந்நூற்றுச் சொச்சம் பொருள்களைக் கேட்டு எழுத வேண்டும். ரேஷன் அரிசிக்குத் தனி வரி, கடை அரிசிக்குத் தனி வரி. சொந்த நிலத்தில் விளைந்த நெல்லுக்கும் விலை போட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் எத்தனை வேளை சாப்பிட்டது என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம், சில வீடுகளில் மூன்று. களை எடுக்கப் போக வேண்டிய பெண்ணை அவ்வளவு நேரம் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்பது எனக்குக் கடைசி வரைக்கும் கூச்சமாகவே இருந்தது.

1987-88ல், செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. ஒரு பாட்டியிடம், "முப்பது நாளில் அரிசி எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டேன். "மாசக் கணக்கெல்லாம் சம்பளக்காரங்களுக்குத்தான் தம்பி. எனக்குக் கூலி வந்தா அரைப்படி, வரலைன்னா இருக்கறதை வச்சுக் கஞ்சி. நேத்து என்ன ஆக்கினேன்னு கேளு, சொல்றேன்" என்றார். ஷெட்யூலில் நேற்றைக்கு இடம் இல்லை. முப்பது நாள்தான். ஒவ்வொரு வாரமாகப் பின்னால் போய், சந்தை நாளை அடையாளம் வைத்து, எந்தெந்த நாள் வேலை கிடைத்தது என்று கேட்டுக் கேட்டு ஒருவாறு கூட்டி எழுதினேன். படிக்கு எத்தனை கிலோ என்பது ஊருக்கு ஊர் மாறும். அதையும் விசாரித்துப் போட்டேன்.

அந்தப் பாட்டி சொன்னதுதான் பத்து வருடம் கழித்து நாடு முழுக்கப் பெரிய விவாதமாக வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் சோதனையாகச் சில வீடுகளில் உணவுச் செலவை ஏழு நாளுக்குக் கேட்கச் சொன்னார்கள், மற்ற வீடுகளில் வழக்கம்போல முப்பது நாள். ஏழு நாளுக்குக் கேட்டால் ஜனங்கள் மறக்காமல் சொல்கிறார்கள், அதனால் செலவு கூடுதலாக வருகிறது. வறுமைக் கோடு என்று வைத்த செலவுக்குக் கீழே இருப்பவர்தான் ஏழை என்பதால், அந்தக் கேள்வித்தாளை வைத்துப் பார்த்தால் நாட்டின் வறுமை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று கணக்கு காட்டியது. ஒருவருக்கும் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகக் கிடைக்கவில்லை. கேள்வி கேட்கிற விதம் மாறியது, அவ்வளவுதான்.

அப்புறம் 1999-2000 ரவுண்டு, அதாவது அந்த வருடத்துச் சுற்றுக் கணக்கெடுப்பு. நாங்கள் அதை 55ஆவது ரவுண்டு என்போம். இந்த முறை ஏழு நாளும் முப்பது நாளும் ஒரே வீட்டில், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். நான் களத்தில் இருந்தேன், அதனால் தெரிந்து சொல்கிறேன். வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் எண்ணெய் என்று சொன்னவர், மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டதும் மனசுக்குள் நாலால் பெருக்கிச் சொல்வார். பெருக்காமல் குறைத்துச் சொன்னால் நாங்களே, "என்னம்மா, இப்பதானே இவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று கேட்போம். ஒரு கட்டம் இன்னொன்றைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. அந்த முப்பது நாள் கணக்கு பழைய முப்பது நாள் கணக்கு இல்லை. ஆனால் 1993-94ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாக இறங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. ஒரு பக்கம் கொண்டாட்டம், ஒரு பக்கம் சண்டை.

இந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நான் சொன்ன இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஆங்கஸ் டீட்டன், 2015ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். இன்னொருவர் இந்தியாவிலேயே தங்கிவிட்ட பொருளாதார அறிஞர் ஜீன் டிரேஸ். அந்த ரவுண்டில் விறகு, மண்ணெண்ணெய் போன்ற சில செலவுகளை மட்டும் முன்னால் கேட்டது போலவே முப்பது நாளுக்கு மட்டும் கேட்டிருந்தோம். கலப்படம் ஆகாத அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு டீட்டன் மொத்தச் செலவையும் திரும்பக் கணித்தார். இரண்டு பேரும் சேர்ந்து 2002ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழில் எழுதினார்கள். வறுமை குறைந்தது நிஜம், ஆனால் கிராமங்களில் சொன்ன அளவுக்குக் குறையவில்லை, கிராமத்து வறுமைக்கு அரசுக் கணக்கு 27 சதவீதம் என்ற இடத்தில் சுமார் 30 என்றார்கள். தெற்கும் மேற்கும் வேகமாக முன்னேற வடக்கும் கிழக்கும் பின்தங்குகின்றன, நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடைவெளி கூடுகிறது என்றும் காட்டினார்கள். கொண்டாடியவர்களுக்கும் சண்டை போட்டவர்களுக்கும் அது முழுசாகப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. நாங்கள் வெயிலில் எழுதிய தாள்களை யாரோ இரண்டு பேர் கட்டம் கட்டமாக, மரியாதையோடு படித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு கல்லூரி நண்பரைப் பிடித்து, அந்தக் கட்டுரையை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டேன்.

டிரேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பெல்ஜியத்தில் 1959ல் பிறந்தவர். நானும் அதே வருடம் பிறந்தவன். அவருடைய அப்பாவும் பேர் பெற்ற பொருளாதார அறிஞர். மகன் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸில் கணிதப் பொருளாதாரம் படித்துவிட்டு 1979ல் இந்தியா வந்து, டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1983ல் உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் மாவட்டத்துப் பாலன்பூர் என்ற கிராமத்துக்குப் போனார். ஐம்பதுகளிலிருந்தே பொருளாதார அறிஞர்கள் திரும்பத் திரும்பப் போய்க் கணக்கெடுக்கிற கிராமம் அது. அங்கேயே தங்கி, யார் யாரிடம் குத்தகைக்கு எடுத்தார், யார் எங்கே கடன் வாங்கினார், கணவனை இழந்த பெண் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று வீட்டுக்கு வீடு பார்த்து எழுதினார். 2002ல் இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார்.

பொருளாதார அறிஞர் அமர்த்திய சென்னுடன் சேர்ந்து பஞ்சத்தை ஆராய்ந்தபோது, 1970-73ல் மகாராஷ்டிராவில் அவ்வளவு மோசமான வறட்சி வந்தும் பெரும் பஞ்சச் சாவு வராதது எப்படி என்று அவர் தேடினார். நிவாரண வேலைகள்தான் காரணம் என்று கண்டார். 1973 கோடையில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் அந்த வேலைகளில் இருந்தார்கள். கையில் கூலி இருந்ததால் தானியம் அவர்களைத் தேடி வந்தது. அந்த மாநிலத்தின் வேலை உறுதித் திட்டம்தான் பின்னால் தேசத்துக்கே முன்மாதிரி. அதைச் சட்டமாக்கச் சொல்லி 2005 கோடையில் பத்து மாநிலங்கள் வழியாகப் பஸ்ஸில் ஒரு பயணம் போனார்களே, அதில் டிரேஸும் ஒருவர். அந்த வருடமே நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் முதலில் தொடங்கிய 200 மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்கு ஆறு. விழுப்புரம் அதில் ஒன்று.

அடுத்த ரவுண்டுகளில் அந்த மாற்றத்தை நான் ஷெட்யூலில் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாநில அளவிலேயே பத்தில் எட்டு நாள் வேலை பெண்களுடையதாகத்தான் இருந்தது. முன்னெல்லாம் "உங்க வருமானம் எவ்வளவும்மா?" என்று கேட்டால் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்த பெண்கள், பாஸ்புக்கை எடுத்து வந்து காட்டினார்கள். ஏரி வேலையில் ஒழுங்கு இல்லை, நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பேசுகிறவர்களின் குறையில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாஸ்புக்கை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. ஷெட்யூலில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தினமும் போதுமான சாப்பாடு கிடைக்கிறதா? வருடம் முழுக்க என்றால் குறியீடு 1. சில மாதங்கள் மட்டும் என்றால் 2. எந்த மாதமும் இல்லை என்றால் 3. ஒரு வீட்டில் இதைக் கேட்டேன். அடுப்பு பற்ற வைத்த அடையாளமே இல்லை. மூன்று பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அம்மா நிமிர்ந்து, "எல்லா மாசமும் கிடைக்குது" என்றார். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. 1 என்று எழுதினேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒன்று உறுத்தியது. ஊரே நிற்கும்போது எந்தத் தாய் என் பிள்ளை பட்டினி என்று சொல்வாள்? அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் கலைந்த பிறகு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்பேன். 2 கூடுதலாக வர ஆரம்பித்தது.

ஏழையை அடையாளம் காண்பதில் இந்தச் சங்கடமும் சேர்ந்தே வருகிறது. ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா, எல்லோருக்கும் எதற்கு ரேஷன் என்று உங்கள் வாசகர் கடிதங்களில் அடிக்கடி வருகிறது. 1997ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று கார்டைப் பிரித்தபோது தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. பிரித்த மாநிலங்களில் என்ன ஆனது? 2004-05 கணக்கெடுப்பைப் பார்த்தால் நாட்டின் கிராமத்து ஏழைகளில் பாதிப் பேரிடம் ஏழைக்கான கார்டே இல்லை. கார்டு யாருக்குப் போயிற்று என்பதை ஊரில் உள்ளவர்கள் சொல்வார்கள். டிரேஸ் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார். 2011ல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் மாணவர்களை அனுப்பி ரேஷனைப் பற்றி ஆய்வு நடத்தியபோது, பணமாக வேண்டுமா பொருளாக வேண்டுமா என்றும் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் பொருளாகவே கொடுங்கள் என்றார்கள். ரேஷன் ஒழுங்காக நடக்கிற இடங்களில் இது இன்னும் உறுதியாக இருந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். பணம் வந்தால் கடன்காரன் வாசலில் நிற்பான், அரிசி வந்தால் பானையில் இருக்கும்.

2001ல் கிடங்குகளில் சுமார் 5 கோடி டன் தானியம் இருக்க, ராஜஸ்தானில் வறட்சியில் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அதிலிருந்து எழுந்த உணவு உரிமை இயக்கத்திலும் டிரேஸ் இருந்தார். அதே ஆண்டு நவம்பர் 28ல் நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லா மாநிலங்களும் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. காமராஜர் ஐம்பதுகளில் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982ல் பெரிதாக்கிய நம் ஊர் மதிய உணவுதான் மற்றவர்களுக்குக் காட்ட ஒரு நடப்பு உதாரணமாக இருந்தது. நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற ஒன்றை வெளியிலிருந்து வந்த ஒரு ஆராய்ச்சியாளர் எடை போட்டு, இது நடக்கும், நடந்திருக்கிறது என்று மற்ற மாநிலங்களுக்குச் சொன்னார். 2021ல் தமிழ்நாடு அரசு அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவில் அவரையும் சேர்த்தார்கள்.

ஏற்றத்தாழ்வை அளப்பது வறுமையை அளப்பதைவிடக் கஷ்டம். ஏழை வீட்டில் கதவு திறந்திருக்கும், உட்காரப் பாய் போடுவார்கள். நகரத்தில் பெரிய பங்களா தேர்வானால் காவலாளியோடு எங்கள் வேலை முடிந்துவிடும். நாலு தடவை போவேன். ஐயா வெளிநாட்டில், அம்மா தூங்குகிறார்கள். கடைசியில் அந்த வீட்டுக்குப் பதில் வேறு வீடு. இப்படி மேல்தட்டின் செலவு எங்கள் கணக்கில் முழுசாக விழுவதே இல்லை. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி போன்றவர்கள் வருமான வரிக் கணக்கைத் தோண்டிப் போவது அதனால்தான். இதில் செய்ய வேண்டிய வேலை இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.

நான் கடைசியாக வேலை செய்த பெரிய செலவுக் கணக்கெடுப்பு 2017-18. அது தரமில்லை என்று 2019 நவம்பரில் வெளியிடாமலே நிறுத்திவிட்டார்கள். அதை வெளியிடுங்கள் என்று டீட்டன் உட்பட 200க்கும் மேற்பட்ட அறிஞர்கள் கேட்டார்கள். 2011-12க்குப் பிறகு அடுத்த செலவுக் கணக்கு வர 2022-23 ஆயிற்று. அதில் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகிறார்கள், காகிதத்துக்குப் பதில் டேப்லெட். நல்ல மாற்றம்தான். ஆனால் முறை மாறினால் பழைய எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதை 55ஆவது ரவுண்டிலேயே படித்தோமே. அதைப் பொறுமையாகப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். வறுமை ஒழிந்துவிட்டது என்று ஒருவரும், ஒன்றும் மாறவில்லை என்று இன்னொருவரும் டிவியில் கத்தும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு பேருமே கேள்வித்தாளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் மாநிலத்துக்கு இது புதிய வேலையும் இல்லை. 1916ல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அதில் ஒன்று எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு. 1936, 1961, 1981, 2008 என்று அடுத்தடுத்த தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் அதே ஊருக்குப் போனார்கள். பெருநிலக்காரர்கள் கையில் ஊரே இருந்த காலம் போய், கூலிக்காரர்கள் வெளி வேலைக்குப் போக ஆரம்பித்து, அரசுத் திட்டங்கள் வந்து, அந்தப் பிடி தளர்ந்ததை நூறு வருடக் கணக்காக வரிசையாக வைத்துப் பார்க்க முடிகிறது. இப்படி ஒரு ஆவணம் உள்ள ஊர்கள் உலகத்திலேயே குறைவு. அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போகிற பொருளாதார மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வழியும் சொன்னேன். கணிதத்தையும் புள்ளியியலையும் விடக் கூடாது. பட்டம் முடித்ததும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், டெல்லி பொருளாதாரப் பள்ளி, திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம், சென்னை அடையாறில் உள்ள வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் என்று மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இடங்கள் இருக்கின்றன. அரசு வேலை வேண்டும் என்றால் இந்தியப் பொருளாதாரப் பணிக்கும் புள்ளியியல் பணிக்கும் தேர்வு உண்டு. சம்பளம் பங்குச் சந்தை அளவுக்கு வராது. அதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெயில்ல அலையணுமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பிதழில் இந்த வேலைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். நம் கல்லூரிகளில் பொருளாதாரம் நடத்துகிறவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும். மூன்று வருடப் படிப்பில் ஒரு பதினைந்து நாளாவது பிள்ளைகளை ஒரு ஊரில் தங்க வைத்து, பத்து வீட்டில் செலவுக் கணக்கு எழுத வையுங்கள். விழுப்புரம் பக்கம் எந்தக் கல்லூரி ஏற்பாடு செய்தாலும் நான் கூட வருகிறேன். எனக்குப் பணம் வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். படியைக் கிலோவாக்குவது எப்படி, சந்தை நாளை வைத்து மாதத்தைக் கூட்டுவது எப்படி, சாப்பாட்டுக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப் புள்ளிவிவரப் பணியாளர்,
விழுப்புரம்.